இரவல் எழுத்து

பெட்ஃபோர்டில், சலவைக் கடைக்கு மேல்மாடியில்,
செவ்வாய்தோறும் ஆறரை மணிக்கு
ஒன்பது இத்தாலியர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள்:
அம்சா.

முதல் நாள் பலகையில் ஹம்சா என்றுதான் எழுதினேன்.
ஹ அவர்கள் வாயில் நிற்கவில்லை.
விருதுநகரிலும் நின்றதில்லை;
பள்ளிச் சான்றிதழில் மட்டும் கால் மேல் கால் போட்டு
உட்கார்ந்திருந்த எழுத்து அது.
நான் திருத்தவில்லை.
உச்சரிப்பு வாத்தியார் செய்யக் கூடாத காரியம்தான்.
இவ்வளவு தூரம் வந்தும் அதே அம்சாவாக இருப்பது
கொஞ்சம் சுகமாக இருந்தது.

தார்சீசியோ கிடங்கில் பெட்டி அடுக்குகிறார்.
சொல் மெய்யில் முடிந்தால் அவருக்குத் தாங்காது,
விழுந்துவிடும் என்று பயந்தாற்போல
ஓர் உயிரைக் கொண்டுவந்து முட்டுக் கொடுப்பார்:
பிக்க, ரெட்ட, வொர்க்க.
நான் சிரிக்கவில்லை.
பஸ்ஸு, காரு, பில்லு என்று
எதன் வாலிலும் உகரம் தடவிய வாய் என்னுடையது.

பாலா என்றால் மண்வெட்டி, பல்லா என்றால் பந்து என்றார்.
பதிலுக்கு நான் கனியும் கன்னியும் சொன்னேன்.
ஆங்கிலத்தில் ஏன் இரண்டு எழுத்து எழுதி
ஒன்றை மட்டும் சொல்கிறார்கள்,
மற்றது யாருக்கு, என்று கேட்டார்.
தேநீர் இடைவேளை விட்டேன்.

ஒர்னெல்லாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை.
போன வாரம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில்
மிஸ்டர் பெல்லிங் ஹங்ரி என்று சொல்லப் போனாள்.
ஆங்ரி என்று வந்தது.
நோட்டில் அப்படியே ஏறியது.
கோபத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று
கதவை மெல்லச் சாத்தினார்கள்.
சாப்பாட்டு வண்டி சக்கரச் சத்தம்கூட எழுப்பாமல்
தாண்டிப் போனது.
காலையில் அவர் நிஜமாகவே கோபமாக இருந்தாராம்.

சொல்லும்போது சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம்.
அப்புறம் கையுறையின் விரல்களை
ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள்.
காட்டு, என்றாள். அது எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை.
நாக்குக்கு வேலை இல்லை, உதட்டுக்கு இல்லை,
பல் சும்மா இருக்கலாம்.
மூக்குக்கண்ணாடி துடைக்கும் முன் ஊதுவோமே,
அவ்வளவுதான் ஹ.
ஜன்னலருகே நிறுத்தினேன். வெளியே உறைபனி.
ஹங்ரி: கண்ணாடியில் ஓர் இட்லி அளவு வெள்ளை.
ஆங்ரி: தெருவிளக்கு அப்படியே தெரிந்தது.
(ஆ-வை நீட்டினால் அதுவும் பூக்கும்.
அதை நான் சொல்லவில்லை.)

ஒன்பது பேரும் மூன்று ஜன்னல்களில் ஊதினார்கள்.
ஹவுஸ், ஹாஸ்பிடல், ஹாஃப் பாஸ்ட்.
எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்
தன் பையனைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் காவலாளி கிளிஃப் தலையை நீட்டினார்:
ஈட்டிங் எட்டரைக்கு நின்றுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.
சாப்பாடா, என்றாள் ஒர்னெல்லா.
ஹீட்டிங், என்றேன்.
அவர் விடலாமா?
விடலாம்.
ஏன்?

வாயின் குறுக்குவெட்டுப் படம் சுவரில் தொங்கியது,
நாக்கு சிவப்பிலும் அண்ணம் நீலத்திலும்.
அதில் இதற்கு இடமில்லை.
சாவி அவரிடம் இருக்கிறது, என்றேன்.
அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்,
விதி என்று நினைத்து.

எட்டரைக்கு ரேடியேட்டர் நின்றது.
படியிறங்கி, சலவைக் கடையின் ஈர வெப்பம் தாண்டி,
மூலையில் பிரிந்தோம்.
நான் பத்தடி போயிருப்பேன்.
குட் நைட், ஹம்சா!

நல்ல ஹ. முழு மதிப்பெண்.
விளக்கடியில் அவள் வாயிலிருந்து வெண்மையாகக் கிளம்பி
ஒரு கணம் நின்றது.
நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்,
யாரைக் கூப்பிடுகிறாள் என்று.